பாட்டில் பச்சை டக்சீடோ

எங்கள் ஊரில் என் அப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்களும் கிடையாது. அப்பா சவப்பெட்டிக் கடை வைத்திருக்கிறார். பெட்டி, வண்டி, பூ, போனவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவது, வண்டிக்கு முன்னால் நடந்து போவது, எல்லாமே அவர் பொறுப்பு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கறுப்புக் கோட்டு, கறுப்பு பேண்ட், கறுப்பு டை. ஊரில் அவருக்குப் பெயரே ‘கறுப்புக் கோட்டு’தான். கறுப்புக் கோட்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். பாவம், மனிதர் பால் வாங்கத்தான் வந்திருப்பார். ஆனாலும் அவர் எந்த வீட்டு வாசலில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். மகள் வரவேற்கிறாள், அப்பா வழியனுப்புகிறார் என்று ஊரில் ஒரு ஜோக் உண்டு. அதை முதலில் சொன்னவருக்காவது சிரிப்பு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார் அம்மா. இருக்கட்டுமே. அப்பா விஷயத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் எனக்கு வசதி.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை, அதாவது இவர், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுப்பவர். தங்கமான மனிதர், வாய் மட்டும் சீக்கிரம் திறக்காது. இவருடைய அப்பா பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எதில் ஏற வேண்டும் என்று தீர்மானித்தே பழகிய கை. கல்யாண விருந்தையும் விட்டுவைப்பாரா? யார் வாசலில் நிற்பது, யார் எந்த மேசை, எந்தப் பாட்டுக்குப் பிறகு சாப்பாடு என்று எல்லாம் போட்டு முடித்துவிட்டார். ஆண்கள் எல்லோரும் டக்சீடோ போட வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான். டக்சீடோ என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. கோட்டுதான், காலர் மட்டும் சாட்டினில் பளபளக்கும், பேண்ட்டின் இரண்டு பக்கமும் அதே சாட்டினில் ஒரு பட்டை இறங்கும், கழுத்தில் நீள டைக்குப் பதிலாக வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு போ டை இருக்கும்.

அலமாரியைத் திறந்தால் கறுப்புதான் கொட்டும், உங்களுக்கென்ன கவலை என்று அம்மா அப்பாவைக் கிண்டல் செய்தார். அப்பா சிரிக்கவில்லை. கறுப்பு வேண்டாம், வேறு கலரில் எடுக்கலாம் என்றார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா தனக்கென்று ஒரு கலர் கேட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. காரணம் கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் அவரைக் கையோடு கடைக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

விற்பனைக்காரர் வாய் ஓயாத மனிதர். முதலில் கருநீலத்தை எடுத்துப் போட்டார். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். அப்பா அதை டியூப் லைட்டின் கீழே பார்த்தார், பிறகு மூலையில் எரிந்த மஞ்சள் பல்புக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். அங்கே அது சுத்தமான கறுப்பு. விருந்து மண்டபத்தில் மஞ்சள் விளக்குதான் எரியும் என்று சொல்லி மடித்துக் கொடுத்தார். அடுத்து சாம்பல் கலர் வந்தது. அதை விரிக்கக்கூட அம்மா விடவில்லை. இவர் தொழிலுக்குச் சாம்பல் கலரா, வேறு வினையே வேண்டாம் என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்தது யானைத் தந்த நிறம். அப்பா அதன் காலரை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, இதே சாட்டினைத்தான் நாங்கள் பெட்டிக்குள் விரிக்கிறோம், ஆனால் இன்னும் கொஞ்சம் தடிமனாக என்றார். நகைப்பெட்டி செய்கிறீர்களா சார் என்று விற்பனைக்காரர் ஆவலாகக் கேட்டார். இல்லை, அதைவிடப் பெரிய பெட்டி என்றார் அம்மா. விற்பனைக்காரருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அளவு நாடாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் மனிதர் விடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒயின் சிவப்பு வெல்வெட்டில் ஒன்றை எடுத்து வந்தார். எனக்குக் கண்ணைப் பறித்தது. அப்பாவுக்கு அது விலை கூடிய பெட்டியின் மூடிக்கு உள்பக்கம். பழுப்பு பழைய தபால்காரர் போட்டுக்கொண்டு போனது. வெளிர்நீலம் ஒரு வாத்தியாருடைய கடைசி ஆசை. நாங்கள் எந்தக் கலரைத் தொட்டாலும் அப்பாவின் ஞாபகத்தில் அதற்குள் யாராவது படுத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசியில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து வந்தது பாட்டில் பச்சை. அடர்த்தியான பச்சை, வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மெல்ல விழித்துக்கொள்கிற பச்சை. வெட்டில்லாமல் வளைந்து இறங்கும் கறுப்பு சாட்டின் காலர். அப்பா அதை வாங்கி மஞ்சள் பல்புக்குக் கீழே வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சை பச்சையாகவே இருந்தது.

“இந்தக் கலர்ல இதுவரைக்கும் யாரையும் அனுப்பி வச்சதில்ல,” என்றார்.

அதோடு கலர் முடிவாயிற்று. பேண்ட்டும் பச்சையில் போடலாம், போ டையைத் தங்கக் கலரில் கட்டலாம், பையில் பூப்போட்ட கைக்குட்டை வைக்கலாம் என்று விற்பனைக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். அப்பா எதற்கும் மசியவில்லை. ஒன்று பேசினால் போதும், மற்றதெல்லாம் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றார். பேண்ட் கறுப்பு, சட்டை வெள்ளை, போ டை காலரோடு ஒத்துப்போகிற கறுப்பு சாட்டின், பையில் நேர்க்கோடாக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. எல்லாம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வந்து நின்றார். கைகளைக் கோத்து, கண்ணைக்கூட அசைக்காமல் நின்றார். முன்பக்கம் ஒரு சுருக்கமில்லை. இப்படி ஒரு அழகனைத்தான் இத்தனை வருஷமாக ஊர் பார்த்துப் பயந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுக் காட்டச் சொன்னோம். அம்மா காபி டம்ளரோடு அவருக்குப் பின்னால் போனவர் அப்படியே நின்றார். முதுகைப் பார்த்தால் நம் மனிதர்தானா என்று சந்தேகம் வரும். காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. தோளுக்குத் தோள் ஒரு பெரிய மடிப்பு. கீழே பின்பக்கப் பிளவு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கையைத் தூக்குங்கள் பார்க்கலாம் என்றேன். முழங்கை மார்புக்கு மேலே போகவில்லை.

கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவது என்று நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். அம்மாவோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“அந்த ஆளை ஏன்டி திட்டற? உங்கப்பா உடுத்திவிட்டவங்க யாராவது திரும்பிப் படுத்திருக்காங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா கோட்டு வாங்கத் தெரியாதவர் இல்லை. வாழ்நாளெல்லாம் பார்த்த இடத்தைத்தான் கடையிலும் பார்த்திருக்கிறார். நேராக, அசையாமல், கைகளை மார்பில் கோத்தபடி, முன்பக்கம் மட்டும். அவரிடம் வந்தவர்கள் யாரும் கை தூக்கியதில்லை, நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, முதுகைக் காட்டியதில்லை. அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

“விடுங்க. பின்னாடி யாரு பார்க்கப் போறாங்க? நான் சுவரோரமாத்தானே நிக்கப் போறேன்.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணப் பெண்ணுடைய அப்பா ஏன் சுவரோரம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நான் விடுகிற ஆளா? குடைந்து எடுத்ததில் மெல்ல வந்தது. மாப்பிள்ளையின் அப்பா போன் செய்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினாராம். வருகிறவர்கள் சந்தோஷமாக வருவார்கள், வாசலிலேயே உங்களைப் பார்த்தால் சங்கடப்படுவார்கள், அதனால் வாசலில் நிற்க வேண்டாம், கறுப்பில் வர வேண்டாம், பெண்ணை மண்டபத்துக்குள் அவள் தாய்மாமன் அழைத்து வரட்டும், பெண்ணின் அப்பா பேசும் பேச்சையும் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டியிருக்கிறார். எங்களிடம் மூச்சுகூட விடவில்லை.

“அவர் சொன்னதுல தப்பில்லமா,” என்றார் அப்பா. “என்னைப் பார்த்தா ஜனங்களுக்கு அவங்கவங்க வீட்டு நாள் ஞாபகம் வந்துடும். உன் நாள்ல எதுக்கு அது?”

நான் கத்தியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அப்பா பக்கத்தில் நடக்காவிட்டால் நான் அந்த மண்டபத்துக்குள் நடக்கப்போவதில்லை என்றேன். அதே சூட்டோடு இவருக்குப் போன் செய்து, உங்கள் அப்பா என் அப்பாவைச் சுவரில் சாத்தி வைக்கப் பார்க்கிறார் என்றேன். இவருக்கு விஷயமே தெரியாது. நான் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னார். வாயைத் திறந்தே பேசியிருக்க வேண்டும். மறுநாள் டிப்போவிலிருந்து பாதி அனுமதி வந்தது. பச்சைக் கோட்டு என்றால் வாசலில் நிற்கலாம், பெண்ணோடு நடக்கலாம், பேச்சு மட்டும் வேண்டாம். இந்தப் பாதியைக்கூட அப்பா ஏற்றுக்கொள்ளத் தயங்கினார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அப்பாவையும் கோட்டையும் சேர்த்து மறுபடி கடைக்கு இழுத்துப் போனேன். இந்தத் தடவை உள்ளே தையல் மிஷினில் இருந்த தையற்காரம்மாவே எழுந்து வந்தார். உட்காருங்க, எழுந்திருங்க, கையைத் தூக்குங்க, குனிஞ்சு செருப்பைத் தொடுங்க என்று அப்பாவைப் பம்பரமாக ஆட்டினார். ஒவ்வொரு தடவையும் முதுகில் ஒரு குண்டூசி ஏறியது. தோளை அவிழ்த்துத் தைக்க வேண்டும், அக்குளில் இடம் விட வேண்டும், காலரை இறக்க வேண்டும் என்றார். கடைசியாகக் கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார். அப்பா கடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். வண்டிக்கு முன்னால் நடக்கிற அதே நடை. மெதுவாக, அளந்து வைத்த மாதிரி. துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். கொஞ்சம் வேகமாக நடங்களேன் சார் என்றார் தையற்காரம்மா. அப்பா முயன்றுதான் பார்த்தார். வேகமாக நடந்தால் கால் தடுக்கியது.

கல்யாணத்தன்று இவருடைய போ டை முடிச்சில் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பா எதிரில் நின்று கண் மூடித் திறப்பதற்குள் கட்டிவிட்டார். தன் கழுத்தில் கட்டப் போனால் மட்டும் இடம் வலமாகி முடிச்சு கோணிக்கொண்டது. எதிரில் இருப்பவருக்குக் கட்டித்தான் பழக்கம். கடைசியில் அவர் சொல்லச் சொல்ல நான்தான் கட்டினேன். கட்டி முடித்து ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தேன். பச்சைக் கோட்டு, வெள்ளைச் சட்டை, நரைத்த தலை. முதுகு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. இவர் என் அப்பா என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வாசலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. வந்த ஆண்கள் அத்தனை பேரும் கறுப்பு. அப்பா ஒருவர் மட்டும் பச்சை. கோட்டைப் பார்த்தவர்கள் முகத்தைப் பார்க்க மறந்தார்கள். யார் இந்தப் பச்சைக் கோட்டு, மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா என்று இரண்டு மூன்று பேர் என் காதுபடவே கேட்டார்கள். ஒரு பெரியவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தத் துணி எங்கே எடுத்தீர்கள் என்று விசாரித்தார். அவருடைய தம்பிக்குப் பெட்டி கொடுத்தது அப்பாதான். அப்பா கடையின் பெயரைச் சொல்லி அனுப்பினார். மாமனார் எதிர்ப்பக்கம் நின்று கவனித்துக்கொண்டே இருந்தார். வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

பிறகு நாங்கள் உள்ளே நடக்கிற நேரம் வந்தது. அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டேன். கதவு திறந்தது, பாட்டு ஆரம்பித்தது, அப்பா முதல் அடியை எடுத்து வைத்தார்.

கோட்டை மாற்றலாம், நடையை எப்படி மாற்றுவது? மூன்றாவது மேசையில் ஒரு அம்மாள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்த நடைக்குப் பின்னால் அவர் ஒரு நாள் நடந்திருக்கிறார். எழுந்து நின்றார். அவர் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அடுத்த மேசை எழுந்தது. யாரும் யோசித்து எழவில்லை. இந்த ஊர்க் கால்களுக்கு அது பழக்கம். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன, பேச்சு அடங்கியது, வாத்தியக்காரர்கள்கூடக் குழம்பிப்போய்ப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நடுவே வந்தபோது மண்டபம் முழுக்க எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தியிருந்தது. மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்பாவின் கை என் கைக்குள் தளர்ந்தது. அவர் கண் ஓரத்துச் சுவரைத் தேடியது. நான் கையை இறுக்கிப் பிடித்தேன். என் நாள் பாழாகிவிட்டது என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. இந்த ஊரில் வேறு யாருக்கு, யாரும் சொல்லாமல், ஒரு மண்டபமே எழுந்து நிற்கும்?

“அப்பா, நீங்க சொன்னாத்தான் இவங்க உட்காருவாங்க,” என்றேன் மெல்ல.

அது உண்மை. இறுதிச் சடங்குகளில் கறுப்புக் கோட்டு கை காட்டும் வரை இந்த ஊரில் யாரும் உட்கார்ந்ததில்லை. அப்பா என்னைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினார். கோட்டு தடுக்கவில்லை, கை தோளுக்கு மேலே போயிற்று. பேச வேண்டாம் என்று சொல்லப்பட்ட மனிதர் பேசினார்.

“எல்லாரும் உட்காருங்க. இன்னிக்கு யாரும் போகல.”

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. ஆனால் யாரும் உட்காரவில்லை. அப்பா இன்னும் பேசப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

“இந்த ஊர்ல அநேகமா எல்லா வீட்டுக்குள்ளயும் நான் வந்திருக்கேன்,” என்றார். “ஒரு வீட்லயும் ஒரு வாய் சாப்பிட்டதில்ல. அது உங்க தப்பில்ல, நான் வந்த நேரம் அப்படி. இன்னிக்கு நீங்க எங்க வீட்டு விருந்துக்கு வந்திருக்கீங்க. இது என் பொண்ணு. எல்லாரும் வயிறார சாப்பிடணும்.”

அவ்வளவுதான் பேச்சு. மூன்றாவது மேசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்ட ஆரம்பித்தார். மண்டபம் தட்டியது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. என் அப்பா, என் அப்பா என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. அத்தனை பெருமை ஒரே நாளில் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

சாப்பாடு வந்ததும் மாமனார் தன் மேசையை விட்டு எழுந்து வந்தார். அப்பா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேசைத் துணியைச் சற்று நேரம் நீவிக்கொண்டிருந்தார். அப்பாவும் அவசரப்படுத்தவில்லை.

“ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல சாப்பிட வரணும், சம்பந்தி,” என்றார் கடைசியில்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள், அதனால் வேலைக் கோட்டில்தான் வர வேண்டியிருக்கும் என்றார். கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

“போயிட்டு வாங்க,” என்றார் மாமனார். “சாப்பாட்டை மூடி வச்சிருக்கோம்.”

அப்பா தலையசைத்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஊர் பார்க்க, முதல் வாய் சாப்பிட்டார்.